ஒளியிலிருந்து விழிக்கு: சர் சி. வி. இராமனின் இறுதி ஆராய்ச்சி

தமிழகத்தில் பிறந்து உலகப் புகழ் எய்திய அறிவியலாளர்களை எண்ணுங்கால் முதற்கண் நினைவுக்கு வருபவர் சர் சந்திரசேகர வேங்கட இராமன் ஆவார். 1930ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர்; 1954ஆம் ஆண்டு பாரத ரத்னா விருதால் சிறப்பிக்கப்பெற்றவர். அவர்தம் கண்டுபிடிப்பு நிகழ்ந்த பிப்ரவரி 28ஆம் நாள் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. இவையெல்லாம் பள்ளிச் சிறாரும் அறிந்தவை. ஆயினும் அப்பெருமகனார் தம் வாழ்வின் இறுதிப் பத்தாண்டில் எதனை ஆராய்ந்தார் என வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே.

மனிதக் கண் எவ்வாறு காண்கிறது, நிறங்களை எவ்வாறு வேறுபடுத்தி அறிகிறது என்பதே அவரது இறுதி ஆராய்ச்சி. எழுபதை நெருங்கிய பருவத்திற்குப் பின் அவர் இத்துறையில் முழுமூச்சாக இறங்கினார்; கட்டுரைகள் பல எழுதினார்; 1968ஆம் ஆண்டு, தமது எண்பதாம் அகவையில், காட்சியின் உடலியலைப் பற்றி ஒரு முழு நூலையே வெளியிட்டார். ஆனால் அந்நூலின் அடிப்படை முடிவுகளை உலக அறிவியல் ஏற்கவில்லை. பெரியோர் வரலாறு எழுதுவோர் இத்தகைய பகுதிகளை ஓரிரு வரிகளில் கடந்து செல்வது வழக்கம். நாம் ஈண்டு அப்பகுதியையே விரிவாக எடுத்துக்கொள்கிறோம். ஆய்வுப் பட்டம் பெற விழையும் மாணவர்க்கும், அவர்களை நெறிப்படுத்தும் ஆசிரியர்க்கும் அதில் கற்கத்தக்கது மிகுதியாக உண்டு என்பது நம் கருத்து.

கடற்கரைக் கல்லூரியின் மாணவர்

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். அன்னையார் பார்வதி அம்மையார். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் பணியேற்றமையால் இளமைக் கல்வி அங்கே அமைந்தது. பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1904ஆம் ஆண்டு பி.ஏ. தேர்வில் முதலிடமும் தங்கப் பதக்கமும் பெற்றார். 1907ஆம் ஆண்டு எம்.ஏ. பட்டமும் பெற்றார். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் இருந்து மின்தொடர் வண்டியேறி மெரினாவுக்குச் செல்லும் நம் மாணவர்கள் கடலை நோக்கி நிற்கும் அக்கல்லூரிக் கட்டடத்தைக் கண்டிருப்பர். அங்குதான், பதினெட்டே வயதில், ஒளியின் விளிம்பு விளைவு பற்றிய ஆராய்ச்சியை இராமன் தாமே செய்தார். அக்கட்டுரை 1906 நவம்பரில் இலண்டனிலிருந்து வெளிவந்த புகழ்மிக்க அறிவியல் இதழொன்றில் அச்சேறிற்று.

இளமையில் தம் உள்ளத்தை உருவாக்கிய நூல்கள் மூன்று என இராமன் பிற்காலத்தில் குறிப்பிட்டதுண்டு. ஒன்று, புத்தர் பெருமானின் வரலாற்றை எட்வின் ஆர்னால்டு ஆங்கிலத்தில் பாடிய காவியம். மற்றொன்று, யூக்ளிடின் வடிவியல் நூல். மூன்றாவது, ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலிகளை நாம் உணரும் முறை குறித்து எழுதிய நூல். இம்மூன்றாவது பெயரை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இளமையில் இராமன் ஆசானாக மதித்த அதே ஹெல்ம்ஹோல்ட்ஸின் நிறக் கொள்கையைத்தான் முதுமையில் அவர் எதிர்த்து நின்றார்.

கடல் கற்பித்த பாடம்

அந்நாளில் அறிவியலை மட்டும் நம்பி வாழ நம் நாட்டில் வழியில்லை. ஆகவே இராமன் நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907இல் கல்கத்தாவில் அரசு அதிகாரியாகப் பணியேற்றார். அலுவலக நேரம் போக எஞ்சிய காலையிலும் மாலையிலும், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 1917இல் உயர்ந்த ஊதியத்தை விடுத்துக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் ஆனார்.

1921ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குச் சென்று கப்பலில் மீண்டபோது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானின் நீலம் கடற்பரப்பில் எதிரொளிப்பதே கடலின் நீலம் என்பது ராலே பிரபு என்னும் பேரறிஞரின் முடிவு. இராமன் கையில் நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவி ஒன்று இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து வரும் வானொளியை அதனால் தடுத்துவிட்டுக் கடலை நோக்கினார். வானொளி விலகியபின்னும் நீலம் மறையவில்லை. முன்னிலும் தெளிவாகத் தோன்றிற்று. நீர் மூலக்கூறுகள் தாமே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்பது இதனால் புலனாயிற்று. நாடு திரும்பும் வழியிலேயே இதனைக் கட்டுரையாக்கி இலண்டனுக்கு அனுப்பினார். பெரியவர் கூறினார் என்பதற்காக எதனையும் ஏற்காது தம் கண்ணால் கண்டு தெளியும் இயல்பு இராமனின் தனிச் செல்வம்.

அதன் பின் ஏழாண்டு உழைப்பு. அவ்வுழைப்பில் உடனிருந்தவருள் தலையாயவர் கே. எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்பில் பிறந்த இவர் கல்கத்தா செல்லுமுன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வேதியியல் துறையில் செயல்முறை விளக்குநராக இருந்தவர். அக்காலத்தில் நகரின் நடுவே இருந்த அக்கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. நம் பகுதிக்கும் இராமன் விளைவுக்கும் இவ்வாறொரு மெல்லிய உறவுண்டு. நீர்மங்களில் சிதறிய ஒளியில் புதிய நிறம் ஒன்று கலந்திருப்பதை 1928 பிப்ரவரியில் அவர்கள் கண்டனர். முதலில் வண்ணக் கண்ணாடிகளை வைத்து வெறுங்கண்ணால் கண்டனர். பின்னர் நிறமாலைக் கருவியால் கண்டனர். அடுத்து ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்தனர். விரைவில் பிற நாட்டு அறிஞர்களும் தம் கூடங்களில் அதனைச் செய்து பார்த்து உறுதிப்படுத்தினர். ஒருவர் கண்டதை மற்றொருவர் கண்டார். கண் கண்டதைத் தகடும் சொல்லிற்று. இவ்வரிசையை நாம் மறத்தல் ஆகாது.

தோட்டத்தில் தோன்றிய வினா

1933இல் இராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். 1934இல் இந்திய அறிவியல் அகாதெமியை நிறுவினார். 1948இல் ஓய்வு பெற்றதும் தாமே திரட்டிய பொருளைக் கொண்டு இராமன் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தார். அங்கே மணிகளும் கனிமங்களும் வண்ணத்துப்பூச்சிகளும் பறவைகளும் கொண்ட காட்சிக்கூடம் ஒன்றை உருவாக்கினார். சூழ மரங்களும் ரோசாச் செடிகளும் நிறைந்த தோட்டத்தை வளர்த்தார்.

சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிக் கூறியதை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். புலவர் பூக்களின் பெயரையும் அழகையும் கண்டார். இராமனோ ஒவ்வொரு பூவிலும் ஒரு வினாவைக் கண்டார். இதழின் சாயத்தைப் பிரித்தெடுத்து, அது நிறமாலையின் எப்பகுதியை விழுங்குகிறது எனச் சோதித்தார். சிவப்பு, ஊதா, நீலம் என்று நாம் கூறும் பூக்களில் மஞ்சள் ஒளி விழுங்கப்படுவது பெரும்பங்கு வகிக்கிறது என்று கருதினார். பூக்களின் நிறங்களையும் காட்சியின் உடலியலையும் இணைத்து 1963இல் கட்டுரைகள் எழுதினார். பூவில் தொடங்கிய ஆய்வு இவ்வாறு விழிக்குள் நுழைந்தது. பின்னர்ச் சாயமேற்றிய பட்டு, மணிக்கற்கள், மங்கிய ஒளியில் காணும் திறன், பார்வைக் கூர்மை, நிறக்குறைபாடு எனப் பல பொருள்களையும் அவர் ஆராய்ந்தார்.

விழியைப் பற்றிய நெடிய வழக்கு

இராமன் புகுந்த துறையின் பழமையைச் சிறிது நோக்குவோம். கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றன என்று கிரேக்க அறிஞர்களான யூக்ளிடும் தாலமியும் கருதினர். பஸராவில் ஏறத்தாழ 965ஆம் ஆண்டு பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து ஏறத்தாழ 1040இல் மறைந்த இப்னுல் ஹைதம் இதனை மறுத்தார். பேரொளியைக் கண்டால் கண் வலிக்கிறது. கண்ணைத் திருப்பிய பின்னும் அதன் உரு சிறிது நேரம் நிற்கிறது. எனவே ஒளி வெளியிலிருந்து கண்ணுக்குள் வருகிறது என அவர் வாதிட்டார். ஏழு பகுதிகள் கொண்ட அவரது கிதாபுல் மனாழிர் இலத்தீன் மொழியில் பெயர்க்கப்பெற்று ஐரோப்பாவில் நூற்றாண்டுகள் கற்கப்பட்டது. அப்பேரறிஞரும் காட்சியை உணரும் உறுப்பு விழிவில்லையே எனக் கொண்டார். உருவம் விழும் இடம் விழித்திரை என்பதை 1604இல் கெப்ளர் நிறுவினார்.

நிறம் பற்றிய வினா அதன் பின்னரே கூர்மையடைந்தது. எண்ணிறந்த நிறங்களை உணர எண்ணிறந்த கருவிகள் கண்ணில் இருத்தல் இயலாது; மூவகை உணர்கருவிகள் போதும் என 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங் கூறினார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதனை விரித்து வளர்த்தார். சிவப்பும் பச்சையுமாகிய ஒளிகளை உரிய அளவில் கலந்தால் கண் அதனை மஞ்சளாகவே காண்கிறது. தொலைக்காட்சித் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிப்புள்ளிகளே எல்லா நிறங்களையும் காட்டுவது இம்முந்நிறக் கொள்கையின்படியே.

இராமன் இதனை ஏற்க மறுத்தார். தூய நிறமாலையை நோக்கும் கண் மஞ்சளைக் கலவையாக உணர்வதில்லை. அது தனித்த, மிகப் பொலிவான உணர்வு. ஒளி சிறுசிறு ஆற்றல் துளிகளாக வருவது. அத்துளியின் ஆற்றலே நேராக நிறமாக உணரப்படுகிறது. ஆகவே மூன்று முதன்மை உணர்வுகள் என்ற கற்பனை வேண்டியதில்லை என்பது அவர் வாதம்.

இதற்கு அவர் கையாண்ட முறை மிக எளியது. வண்ண வடிகட்டி ஒன்றைக் கண்முன் பிடித்து, ஒளிமிக்க வெண்திரையைச் சிறிது நேரம் நோக்கினார். பின் வடிகட்டியைச் சட்டென அகற்றினார். அப்போது திரையில் ஒரு வண்ண உரு தோன்றி மறைந்தது. அதன் நடுவில் விழித்திரை மையத்தின் அமைப்புப் புலப்பட்டது. தம் கண்ணின் உட்புறத்தைத் தாமே காண்பதாக அவர் கொண்டார். வெவ்வேறு வண்ணங்களில் இதனைத் திரும்பத் திரும்பச் செய்து, விழித்திரையின் நிறமிகள் எவை என ஊகித்தார். கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் பொருளும், குருதிச் செம்மைக்குக் காரணமான ஹீம் வகைப் பொருள்களுமே அவை என்று முடிவு கட்டினார்.

மறுபுறம் நடந்தது

அதே ஆண்டுகளில் கடலுக்கப்பால் வேறொரு பணி நடந்தது. நம் விழித்திரையில் இருவகை உணர்செல்கள் உள்ளன. மங்கிய ஒளிக்குரிய கோல் செல்கள் பன்னிரண்டு கோடியளவும், பகலொளிக்கும் நிறத்துக்கும் உரிய கூம்புச் செல்கள் அறுபது இலட்சம் அளவும் உண்டு. ஒரே ஒரு கூம்புச் செல்லின் வழியே மெல்லிய ஒளிக்கற்றையைச் செலுத்தி, அது எந்த ஒளியை விழுங்குகிறது என அளக்கும் நுண்கருவி உருவாயிற்று. 1964இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஹார்வர்டு ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் தனித்தனிக் குழுவினர் அளந்தனர். இரு குழுவினரும் கண்டது ஒன்றே: கூம்புச் செல்கள் மூவகையின. இன்றைய அளவீட்டில் அவற்றின் உணர்வு உச்சங்கள் ஏறத்தாழ 420, 530, 560 நானோமீட்டர் அலைநீளங்களில் அமைகின்றன.

கண்ணின் நிறமிகள் வைட்டமின் ஏ-யின் வழிவந்த பொருளைக் கொண்டவை என விளக்கிய ஜார்ஜ் வால்டு 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முருங்கைக்கீரை போன்ற உணவு குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் வருவதன் காரணமும் இதுவே. இராமன் மறைந்து 16 ஆண்டுகள் கழித்து, 1986இல், நிற நிறமிகளுக்குரிய மரபணுக்களை ஜெரமி நேத்தன்ஸ் குழுவினர் பிரித்தெடுத்தனர். சிவப்பு, பச்சை நிறமிகளின் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அமைந்திருப்பதால் அந்நிறக்குறைபாடு ஆண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது என்பதும் தெளிவாயிற்று. தாம்பரம் விமானப்படைத் தளத்தையும் இரயில் நிலையத்தையும் அன்றாடம் கண்டு அப்பணிகளை நாடும் நம் மாணவர்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. விமானியும் இரயில் ஓட்டுநரும் நிறப்பார்வைச் சோதனையில் தேறியாக வேண்டும். அச்சோதனைகளுக்கு அடிப்படை இராமன் மறுத்த கொள்கையே.

அவ்வாறாயின் இராமன் கண்டவை பொய்யா? அல்ல. வடிகட்டியை அகற்றியதும் தோன்றும் உரு மெய்யானதே, எவரும் காணலாம். விழித்திரையின் மஞ்சள் புள்ளியில் கரோட்டினாய்டு இருப்பதும் மெய்யே. ஆனால் அது நிறத்தை உணரும் கருவியன்று. நீல ஒளியைக் குறைக்கும் இயற்கைத் திரை. காட்சி மெய், அதற்கு அவர் கூறிய காரணமே பொருந்தவில்லை.

நாம் கொள்ள வேண்டியது

1921இல் ராலேயை மறுத்ததும் 1960களில் ஹெல்ம்ஹோல்ட்ஸை மறுத்ததும் ஒரே இராமன், ஒரே துணிவு, ஒரே எளிய கருவி. ஒன்று பெரும்புகழைத் தந்தது, மற்றொன்று தரவில்லை. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

முதுமையால் அறிவு மங்கிற்று எனச் சிலர் எளிதாகக் கூறிவிடலாம். அவ்விளக்கம் நமக்கு உடன்பாடன்று; மங்கிய அறிவு எண்பதாம் வயதில் ஒரு புதுத் துறையில் நூல் எழுதாது. சான்றின் வகையில்தான் வேறுபாடு உள்ளது என்பது நம் துணிபு. கல்கத்தாவில் இராமனின் கண்ணுக்கு அருகே கிருஷ்ணனின் கண் இருந்தது. இருவர் கண்ணுக்கும் அப்பால் ஒளிப்படத் தகடு இருந்தது. பெங்களூரில் அவர் பெரும்பாலும் தனித்தே உழைத்தார். கண்ணை ஆராய்ந்ததும் கண். சான்று கூறியதும் அதே கண். கட்டுரைகளைத் தாம் நிறுவிய அகாதெமியின் வெளியீடுகளிலும் பெங்களூர் இதழ்களிலுமே வெளியிட்டார். துறை வல்லுநர் எதிர்வினா எழுப்பி அவரைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அங்கே அரிது. செல்லுக்குள் நிகழ்வதை அறியச் செல்லையே அளக்க வேண்டியிருந்தது. உணர்வை மட்டும் உற்று நோக்கி அதனை அறிதல் அரிது. கலந்த மஞ்சளையும் தூய மஞ்சளையும் கண் ஒன்றாகவே காண்கிறது. தன் வேலை நடக்கும் வழியைக் கண் நமக்குக் காட்டுவதில்லை.

உண்மையை நாடுபவன் முன்னோர் நூல்களை ஐயுற வேண்டும். அவ்வாறு ஐயுறும் தன்னையும் ஐயுற வேண்டும் என்ற கருத்தை இப்னுல் ஹைதம் தாலமி பற்றிய தம் நூலில் வலியுறுத்தினார். முதற்பாதியை இராமனைப் போல் கடைப்பிடித்தவர் நம் நாட்டில் அரியர். இரண்டாம் பாதி எவர்க்கும் கடினம். நோபல் பரிசு பெற்றவர்க்கு அது இன்னும் கடினம். மறுத்துப் பேசும் மாணவரும் தோழரும் அருகில் இல்லாதபோது மேலும் கடினம்.

இதனால் இராமனின் பெருமை குறைவதாக எவரும் எண்ண வேண்டா. காட்சி நிகழும் இடத்தைத் தவறாகக் கொண்டமையால் இப்னுல் ஹைதமின் பெருமை குறைந்ததா? இல்லை. ஓய்வூதியமும் புகழும் போதும் என்று இருந்திருக்கக்கூடிய வயதில், ரோசா இதழ் ஏன் சிவப்பாகத் தோன்றுகிறது எனக் கேட்டு நாள்தோறும் உழைத்த முதியவரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1970 அக்டோபர் 2ஆம் நாள் தம் நிலையத்தில் நிகழ்த்திய காந்தி நினைவுச் சொற்பொழிவிலும் அவர் எடுத்துக்கொண்டது செவி ஒலியை உணரும் விந்தையையே. இளமையில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் நூலில் படித்த அதே பொருள். அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் விருப்பப்படியே, அவர் வளர்த்த தோட்டத்திலேயே சடங்குகளின்றி அவர் உடல் எரியூட்டப்பெற்றது.

ஆய்வேடு எழுதப் புகும் நம் மாணவர்க்கு, அது அறிவியலாயினும் தமிழாயினும், இராமனின் இரு காலங்களும் வேண்டும். ஒரு பாடத்துக்குப் பழைய உரையாசிரியர் கூறிய பொருளை ஏற்குமுன் மூலத்தை நீங்களே படியுங்கள். கடலை நேரே நோக்கிய இராமனிடம் இதனைக் கற்கலாம். நீங்கள் கண்ட புதுப்பொருளை அச்சேற்றுமுன், உங்களோடு உடன்படாத ஒருவரிடம் அதனைக் காட்டுங்கள். தனித்திருந்து விழியை ஆராய்ந்த இராமனிடம் இதனைக் கற்கலாம். ஆசிரியராகிய நாமும் அவ்வாறு மறுக்கும் மாணவரை அருகில் அமர்த்திக்கொள்ளுதல் வேண்டும்.